கருவிக்கு ஒரு பஞ்சாங்கம்

‘யான் எங்கே நிற்கின்றேன்?’ என்னும் வினா கேட்பதற்கு மிக எளியது. விடை கூறுதற்கோ அரியது. கடலிற் செல்லும் மாலுமியும், காட்டில் வழி தப்பியவனும், தாம் பிறந்த தெருவையே மறந்துபோன முதியவரும் இவ்வினாவின் அருமையை நன்கறிவர். இக்காலத்தில் இதற்கு விடை கூறும் கருவியொன்று, தீப்பெட்டியினுஞ் சிறியதாய், சில நூறு ரூபாய் விலையில், மாணவரும் வாங்கத்தக்கதாய்க் கிடைக்கின்றது. அக்கருவிக்கு முன்னறிவு ஊட்டும் முறையைப் பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் மாணவன் இத்துறையிற் புகுதல் தகுமோ என ஐயுறுவார்க்கு விடை கட்டுரையின் உள்ளேயே கிடைக்கும். குற்றமிருப்பின் இயற்பியல் பயிலும் நண்பர்கள் பொறுத்தருள்க.

காரணம்

என் பாட்டனார் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஐம்பதாண்டுகளுக்கு மேலாகப் பட்டு நெய்தவர். கோர்வைச் சேலை நெய்தலில் அவருக்குத் தனிப் பெயருண்டு. உடலும் கரையும் வேறு வேறு நிறமாய் நிற்க, இரண்டையும் இடைவெளி தெரியாமற் பிணைக்கும் அவ்வேலையில் மூன்று நாடாக்கள் ஓடும். ஒருவர் கையால் அது முடியாது. நெசவாளர் ஒரு புறமிருந்து நெய்ய, மறுகரையின் நாடாவை எறிதற்குத் துணையாள் ஒருவர் மறுபுறம் அமர்தல் வேண்டும். பள்ளி விடுமுறைகளில் அத்துணையாளாக அமர்ந்தவன் யான்.

மூன்றாண்டுகளாகப் பாட்டனாரைக் கொடிய மறதி பற்றிக்கொண்டது. பழைய பாவின் இழைக்கணக்கு அவருக்கு நினைவிருக்கின்றது. இன்று காலை உண்டது நினைவில்லை. விடியுமுன் எழுந்து, எவரிடமும் சொல்லாமல், எங்கோ புறப்பட்டுவிடுவார். அக்கம்பக்கத்தார் பலமுறை கைபற்றி அழைத்து வந்ததுண்டு. ஆயினும் எப்போதும் அவர் அறிந்தாரின் கண்ணிலேயே படுவார் என்பதற்கு உறுதி யாது? ஆகவே யானும், நம் கல்லூரியில் இயற்பியல் பயிலும் நண்பன் ஒருவனும் சேர்ந்து, அவர் சட்டையின் தோட்பட்டையில் தைத்து வைக்கத்தக்க சிறு கருவியொன்றை அமைக்கத் துணிந்தோம். ‘எங்கிருக்கின்றீர்?’ என்று கைப்பேசியிலிருந்து ஒரு செய்தி அனுப்பினால், அது விழித்தெழுந்து, தானிருக்கும் இடத்தை அறிந்து, அகலாங்கும் நெட்டாங்கும் விடையாக அனுப்புதல் வேண்டும் என்பது எங்கள் எண்ணம். தோளில் வைத்தது ஏனெனின், அதன் பீங்கான் அலைவாங்கி வானத்தை நோக்கியிருத்தல் வேண்டும் என்பதற்காக.

கருவி இடமறியும் விதம்

அமெரிக்க நாட்டார் அமைத்த ஜிபிஎஸ் என்னும் துணைக்கோட் கூட்டம், 1978-இல் முதற்கோள் ஏவப்பட்டு, 1995-இல் முழுமையுற்றதாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில், 11 மணி 58 நிமிடத்திற்கு ஒருமுறை உலகைச் சுற்றும் அக்கோள்கள் ஒவ்வொன்றும் நுண்ணிய அணுக்கடிகாரம் ஒன்றைத் தாங்கி, ‘இன்ன நேரத்தில் யான் இதனைக் கூறினேன்’ என்று இடையறாது கூவிக்கொண்டிருக்கின்றது. அக்குரல் நம்மை வந்தடையும் காலத்தை ஒளியின் வேகத்தாற் பெருக்கினால் கோளுக்கும் நமக்குமுள்ள தொலைவு கிடைக்கும். மூன்று தொலைவுகள் இடத்தைக் காட்டப் போதியனவேயாயினும், நம் கையிலுள்ள கருவியின் மலிவான கடிகாரம் பிழைபடுவதாதலின், அப்பிழையையும் கண்டறிய நான்காவது கோளொன்று வேண்டப்படுகின்றது.

தொலைவை மட்டும் அறிந்தாற் போதுமோ? போதாது. ‘கோயிலிலிருந்து நூறடி தொலைவில் நிற்கின்றேன்’ என்பவன், கோயில் எங்குள்ளதென்பதை முன்பே அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? அதுபோலக் கோள் இந்நொடியில் வானில் எங்குள்ளதென்பதைக் கருவி அறிந்தே தீரவேண்டும். இதனையும் கோளே தன் குரலிற் கலந்து சொல்லுகின்றது. ஆயின் அது மிகவும் நிதானமாகப் பேசும். ஒரு நொடிக்கு 50 பிட்டு மட்டுமே அதன் வேகம். 1,500 பிட்டு கொண்ட ஒரு முழுச் செய்திக்கு 30 நொடியாகும். அதன் முதல் மூன்று பகுதிகளில், 18 நொடியளவில், அக்கோளின் கடிகார நிலையும் நுட்பமான பாதைக் கணக்கும் அடங்கும். எபிமெரிஸ் எனப்படும் இதனை ‘நுண் பஞ்சாங்கம்’ என்போம். எஞ்சிய இரு பகுதிகளில் எல்லாக் கோள்களின் பருமட்டான பாதைக் கணக்குச் சிறிது சிறிதாக வரும். அது முழுவதும் வந்து சேர 12½ நிமிடமாகும். ஆல்மனாக் எனப்படும் அதனைப் ‘பொதுப் பஞ்சாங்கம்’ என்போம்.

திறந்த வெளியில், முன்னறிவு யாதுமின்றித் தொடங்கும் கருவி ஏறக்குறைய அரை நிமிடத்தில் இடத்தைக் கூறிவிடும். அஃதொன்றும் பெருந்தாமதமன்றே என்பீர்கள். காஞ்சியின் சந்துகளை அறியாதார் கூற்று அது. பாவு விரிப்பதற்கென அமைந்த நெசவாளர் தெருக்கள் அகன்றவையே. ஆயின் அவற்றை இணைக்கும் சந்துகளோ மிகக் குறுகியவை. இருமருங்கும் இரண்டு மூன்று மாடிகள் எழுந்துவிட்டன; தகரக் கூரைகள் ஒன்றையொன்று தொடுகின்றன. அங்கே வானம் ஒரு முழத் துணியாகவே தோன்றும். துணைக்கோளின் குரலோ கருவியின் உள்ளிரைச்சலினும் மெலிந்தது. நடப்பவர் தோளில் அது நொடிக்கொருமுறை கேட்டும் கேளாமலும் மறையும். 18 நொடி இடைவிடாது கேட்டால்தான் நுண் பஞ்சாங்கம் முழுமையாகும். நடுவே ஒரு பகுதி சிதைந்தால், அப்பகுதி மறுபடி வர 30 நொடி காத்திருத்தல் வேண்டும். அதற்குள் முதியவர் அடுத்த சந்தில் திரும்பியிருப்பார். இவ்வாறு கருவி எப்போதும் கேட்டுக்கொண்டேயிருக்கும். ஒருபோதும் விடை கூறாது. அதற்குள் மின்கலமும் தீர்ந்துவிடும்.

முன்னறிவின் பயன்

இவ்விடத்தில் நம் பழைய கணிதரை நினைத்தல் பயனுடைத்து. காஞ்சியைச் சார்ந்த ஒருவர் ஏறக்குறைய 1300-ஆம் ஆண்டளவில் இயற்றியதென அறிஞர் கருதும் ‘வாக்கியகரணம்’ என்னும் வடமொழி நூல், தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்க முறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. திங்களின் இயக்கத்தை 248 நாட்களுக்கு 248 சிறு வாக்கியங்களில் அடக்கி, எழுத்துக்கு எழுத்து எண்ணைக் குறித்து, மாணவர் மனப்பாடம் செய்யுமாறு வைத்தது அம்முறை. கணிதர் வானத்தை அண்ணாந்து தேடவேண்டியதில்லை. இன்ன நாளில் இன்ன நாழிகையில் திங்கள் இங்கிருக்கும் என்பதை அவர் முன்பே அறிவார். அந்த இடத்தில், அந்த நேரத்தில், ஒருமுறை நோக்கினாற் போதும்.

துணைக்கோட் கருவிக்கும் தேடுதலே பெருஞ்சுமை. கோள்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய குறியீட்டாற் பேசும். ஜிபிஎஸ் கோள்களுக்கென 32 குறியீடுகள் உண்டு. ஒவ்வொரு குறியீடும் 1,023 உறுப்புடையது. அது எவ்விடத்தில் தொடங்குகின்றது என்பதை அரையுறுப்பு நுட்பத்திற் காண 2,046 நிலைகளைப் பார்க்கவேண்டும். கோள் நம்மை நோக்கி வருவதாலும் விலகுவதாலும் அதன் அலையெண் 5,000 ஹெர்ட்ஸ் வரை ஏறியும் இறங்கியும் நிற்கும். 500 ஹெர்ட்ஸுக்கு ஒரு படியாக வைத்தால் 21 படிகள். இவற்றைப் பெருக்கினால் ஒரு கோளுக்கு 42,966 அறைகளும், 32-க்கும் சேர்த்து 13,74,912 அறைகளும் ஆகின்றன. முன்னறிவில்லாத கருவி இத்தனை அறைகளிலும் குரலைத் தேடுகின்றது. எக்கோள் இப்போது தலைக்குமேல் உள்ளது, எது அடிவானத்தின்கீழ் உள்ளது, மேலுள்ளது எவ்வேகத்தில் அணுகுகின்றது என்பவற்றை யாரேனும் கூறிவிட்டால், தேடவேண்டிய அறைகள் மிகச் சிலவாகக் குறையும். நுண் பஞ்சாங்கத்தைக் கேட்டெழுதும் 18 நொடியும் மிஞ்சும்.

இவ்வாறு பிறர் துணைநிற்கும் முறை புதியதன்று. அமெரிக்காவில் டெய்லர், சென்னட் என்னும் இருவர் பெற்ற 1984-ஆம் ஆண்டுக் காப்புரிமையிலேயே இக்கருத்துக் காணப்படுகின்றது. ஆபத்தில் அழைப்பவரின் இருப்பிடத்தைக் கைப்பேசி நிறுவனங்கள் அறிவித்தல் வேண்டுமென 1996-இல் அந்நாட்டுத் தொடர்பாணையம் விதித்தபின் இது விரைந்து பரவிற்று. இன்று நம் கைப்பேசி சாலையில் இறங்கியவுடன் இடங்காட்டுவது இத்துணையாலேயாம். சிறு கருவியை வாங்கித் தாமே இணைக்கும் மாணவர்க்கோ அத்துணை தானாக வாராது. அவரே ஊட்டல் வேண்டும்.

ஊட்டும் முறை

ஊட்டவேண்டியவை நான்கு: நேரம், பருமட்டான இடம், நுண் பஞ்சாங்கம், பொதுப் பஞ்சாங்கம். இவற்றுள் எதுவும் விடையன்று என்பதை நன்கு நினைவிற் கொள்க. ‘பாட்டனார் எங்கே?’ என்பதற்கு இந்நான்கும் விடை கூறா. எங்கே தேடவேண்டும் என்பதை மட்டும் கூறும். பருமட்டான இடம் என்பது ‘காஞ்சிபுரம்’ என்னும் அளவே, வடக்கு 12.83 பாகை, கிழக்கு 79.70 பாகை எனக் கொடுத்து, ‘இதிற் பத்துக் கிலோமீட்டர் பிழையிருக்கலாம்’ என்று உடன் கூறிவிடலாம். வானம் அத்தொலைவில் மாறுவதில்லை.

யாங்கள் வாங்கியவை இரண்டு கருவிகள். சுவிட்சர்லாந்து நாட்டு யூ-பிளாக்ஸ் நிறுவனத்தின் நியோ-6எம் என்னும் பழைய வகை. இவ்வகையை மாணவர் பலர் அறிவர். ஒன்றை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் திறந்த வானத்தின்கீழ் நிலையாகப் பொருத்திக் கணிப்பொறியோடு இணைத்தோம். மற்றொன்று பாட்டனாரின் தோளில். மாடிக்கருவி அமைதியாக அமர்ந்து, மேலுள்ள கோள்கள் அனைத்தின் நுண் பஞ்சாங்கத்தையும் கேட்டெழுதிக்கொள்ளும். ஓரிரு கிலோமீட்டருக்குள் நடப்பவருக்கும் மாடிக்கும் வானம் ஒன்றேயாதலின், மாடிக்கருவி கேட்டதைத் தோட்கருவிக்கு அனுப்பினாற் போதுமன்றோ?

இக்கருவிகள் தமக்குள் வழங்கும் மொழியில் ஒவ்வொரு செய்தியும் 181, 98 என்னும் இரு எண்களோடு தொடங்கும். அடுத்துச் செய்தியின் வகை, அதன் எண், நீளம், உட்பொருள் என்பன வரும். இறுதியில் எல்லாவற்றையும் கூட்டிச் சரிபார்க்கும் இரு எண்கள். கூட்டல் பொருந்தாத செய்தியைக் கருவி ஏற்காது. நுண் பஞ்சாங்கம் தருக என்னும் செய்தியை மாடிக்கருவிக்கு அனுப்பினால், கணக்குக் கைவசமுள்ள கோள் ஒவ்வொன்றுக்கும் 104 பைட் உட்பொருளோடு விடை வரும். கணக்கில்லாத கோளுக்கு வெறும் 8 பைட் வரும். அந்த 104 பைட்டையும் எழுத்துப் பிசகாமல் தோட்கருவிக்கு மாற்றினால் அது தானே கேட்டெழுதியதுபோல ஏற்றுக்கொள்ளும். தலைப்பும் கடைக்கூட்டலும் சேர ஒரு கோளுக்கு 112 பைட்; பத்துக் கோளுக்கு 1,120 பைட். நொடிக்கு 9,600 பிட்டு என்னும் சாதாரண வேகத்தில் இதனை எழுத ஏறக்குறைய 1.2 நொடியே ஆகும். வானத்திலிருந்து அரை நிமிடத்திற் கிடைப்பதைக் கம்பி ஒன்றேகால் நொடியிற் கொடுத்துவிடுகின்றது.

ஊட்டுவதில் வரிசை முக்கியம். நேரத்தையும் இடத்தையும் தாங்கும் 48 பைட் செய்தி முதலில் செல்லவேண்டும். அதன் பின்னரே பஞ்சாங்கங்கள். நாளும் நாழிகையும் அறியாதவன் கையிற் பஞ்சாங்கத்தைக் கொடுப்பதாற் பயனென்ன? அன்றியும், அந்த 48 பைட் செய்தியில் நேரத்திற்கென ஓரிடமும், ‘இந்நேரத்தில் எவ்வளவு பிழை இருக்கலாம்’ என்பதற்கென மற்றோரிடமும் உண்டு. இரண்டாவதை யாங்கள் பெரிதாக மதிக்கவில்லை. அதன் விளைவையே இனிக் கூறப்போகின்றேன்.

எங்கள் பிழை

கருவியை மாடியில் வைத்து ஒரு வாரம் சோதித்தோம். ஒவ்வொரு முறையும் ஓரிரு நொடியில் இடங்கூறிற்று. யாங்கள் மகிழ்ந்து, பாட்டனாரின் சட்டையில் அதனைத் தைத்தோம். கையால் தடவிப் பார்த்து, “என்னடா இது?” என்றார். விளக்கிச் சொல்ல வகையறியாது, “பஞ்சாங்கம், தாத்தா” என்றேன். அவர் சிரித்து, “இந்த வருஷத்துப் பஞ்சாங்கந்தானே? போன வருஷத்ததை வெச்சுத் தெச்சுடாதே” என்றார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் பாய் வெறுமையாயிருந்தது. கதவு திறந்திருந்தது. யான் உடனே செய்தியனுப்பினேன். ‘இடம் அறியேன்’ என்று விடை வந்தது. நிமிடத்துக்கொருமுறை கேட்டேன், ஒவ்வொரு முறையும் அதே விடை. தந்தையார் ஒருபுறமும் அண்டைவீட்டார் ஒருபுறமும் ஓடினர். யானோ கருவியை நம்பிக் கைப்பேசியையே நோக்கியவண்ணம் திண்ணையில் நின்றேன். அக்கால் மணி நேரத்தை நினைக்குந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது.

சர்வதீர்த்தக் குளத்தின் படிக்கட்டில் பாட்டனார் அமர்ந்திருந்தார். குளத்தில் நீர் நிறைந்திருந்தது. அவரைக் கண்டு பக்கத்தில் அமர்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தவர், கடை திறக்க வந்த தேநீர்க் கடைக்காரர் ஒருவர். யாங்கள் சென்றபோது பாட்டனார், “பாவு விரிச்சிருக்கு, மழை வருமான்னு பாத்துக்கிட்டிருக்கேன்” என்றார். அவர் தோளிலிருந்த கருவி அப்போதுகூட விடை கூறவில்லை. தலைக்குமேல் வானம் முழுவதும் திறந்தே கிடந்தது.

அன்று பகல் முழுவதும் நண்பனும் யானும் நிரலின் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தோம். பிழை என்னுடையது. கருவி எதிர்பார்ப்பது யூடிசி எனப்படும் உலகப் பொது நேரம்; யான் கொடுத்ததோ கணிப்பொறியின் கடிகாரத்திலிருந்த இந்திய நேரம். 82½ பாகைக் கிழக்கு நெட்டாங்கிற்குரிய நம் நேரம் உலக நேரத்தினும் 5½ மணி முந்தியது. போதாக்குறைக்கு, பிழையளவு குறிக்கும் இடத்தில் ‘ஒரு நொடி’ என்று எழுதியிருந்தேன். ஐந்தரை மணி தவறான நேரத்தை, ஒரு நொடிகூடத் தவறாதது என்று உறுதி கூறிக் கொடுத்துவிட்டேன்!

அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்குச் சற்றுக் குறைவாகவே உலகைச் சுற்றும் கோள், 5½ மணியில் ஏறக்குறைய அரைச் சுற்றுப் போய்விடும். தலைக்குமேல் இருப்பதாகக் கருவி நம்பிய கோள்கள் பெரும்பாலும் காலுக்கடியில் இருந்தன. உண்மையில் தலைக்குமேல் நின்று கூவியவற்றை அது தேடவேயில்லை. யாங்கள் ஊட்டிய நுண் பஞ்சாங்கமோ ஏறக்குறைய நான்கு மணி நேரமே நம்பத்தக்கது. பொய் நேரத்தோடு ஒப்பிட்டபோது அது காலங்கடந்ததாகத் தோன்றியிருக்கும். ஒன்றுமே சொல்லாமல் விட்டிருந்தால், குளக்கரையின் திறந்த வெளியில் அரை நிமிடத்தில் தானே இடமறிந்திருக்கக்கூடிய கருவியை, எங்கள் துணையே குருடாக்கிற்று.

அங்ஙனமாயின் மாடிச் சோதனையில் வெற்றி கண்டது எவ்வாறு? கருவியின் பலகையில் சிறு மின்கலம் ஒன்றுண்டு. மின்சாரம் நின்றாலும் சில மணி நேரம் பழைய நேரத்தையும் பாதைகளையும் நினைவில் வைத்திருக்கும். மாடியில் அது எங்கள் துணையாற் பிழைக்கவில்லை. தன் நினைவாற் பிழைத்தது. சட்டையில் நாட்கணக்கில் உறங்கிய பின் அக்கலம் வறண்டு, நினைவு அழிந்து, எங்கள் சொல்லை மட்டும் நம்பும் நிலையில் அது விழித்தது. துணையைச் சோதிக்க விரும்புவோர், நினைவையெல்லாம் அழிக்கும் கட்டளையை முதலில் அனுப்பி, யாதும் அறியாத கருவியைக் கொண்டே சோதித்தல் வேண்டும். இதனை யாங்கள் பின்னரே அறிந்தோம்.

துணையின் வயது

பிழையைத் திருத்தி, நேரத்தை உலக நேரமாக்கி, செய்தி வந்துசேரத் தாமதமாகலாம் என்பதால் பிழையளவை ஐந்து நொடியென எழுதினோம். ஒரு நொடிப் பிழைக்கே கோளின் தொலைவு 800 மீட்டர் வரை வேறுபடக்கூடும். ஆயினும் பிழை இவ்வளவு என்று உண்மையாகக் கூறிவிட்டால் கருவி அதற்கேற்பத் தன் தேடுதலை அகலமாக்கிக்கொள்கின்றது. சிறிது அறிந்து, அறிந்ததன் எல்லையையும் கூறுபவன் சொல் பயன்படுகின்றது; மிகுதியாக அறிந்ததாகப் பொய்யுறுதி கூறுபவன் சொல் கெடுக்கின்றது. இப்போது பிள்ளையார்பாளையத்துச் சந்துகளிலும், நினைவழித்த கருவி சில நொடிகளில் விடை கூறுகின்றது. சுவர்களிற் பட்டுத் திரும்பும் அலைகளால் இடம் சிறிது விலகித் தோன்றுவதுண்டு. தெரு தெரிந்தாற் போதும், ஆளைக் கண்ணாற் காணலாம்.

பாட்டனார் விளையாட்டாகச் சொன்ன சொல்லும் இங்கே நினைக்கத்தக்கது. பஞ்சாங்கத்திற்கு வயதுண்டு. ஜான் வாரன் என்பார் 1825-இல் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலிதம்’ என்னும் ஆங்கில நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றிய செய்தி உண்டு. அவர் சோழிகளைத் தரையிற் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களையே துணையாகக் கொண்டு, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களுக்கிடையே நிகழ்ந்த திங்கள் மறைவைக் கணித்தார். தொடக்கம் 4 நிமிடமே பிழைபட்டது. நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிழைபட்டன. ஏட்டைத் தொடாமல் இவ்வளவு கணித்தவரின் ஆற்றல் வியக்கத்தக்கதே. ஆயின் தலைமுறை தலைமுறையாக வந்த கணக்கு, வானத்தோடு மீண்டும் மீண்டும் ஒப்பிட்டுத் திருத்தப்படாவிடின், சிறிது சிறிதாக விலகும் என்பதும் அதனாற் புலனாகின்றது.

நம் கருவிக்கும் இவ்வாறே. பொதுப் பஞ்சாங்கம் சில வாரம் பழையதாயினும் எக்கோள் மேலுள்ளதென்று காட்டும். இடத்தைக் கணிக்க உதவாது. நுண் பஞ்சாங்கத்தைக் கோள்கள் வழக்கமாக இரண்டு மணிக்கு ஒருமுறை புதுப்பிக்கின்றன. ஏறக்குறைய நான்கு மணி கடந்ததை எறிந்துவிடுதல் நன்று. ஆகவே எங்கள் கணிப்பொறி மாடிக்கருவியை மணிக்கொருமுறை கேட்டுப் புதிய கணக்கை வைத்துக்கொள்கின்றது. மாடி வசதியில்லாதார்க்கும் வழியுண்டு. சர்வதேச ஜிஎன்எஸ்எஸ் சேவை என்னும் அறிஞர் கூட்டமைப்பு, பெங்களூர், ஐதராபாத் உட்பட உலகெங்குமுள்ள நிலையங்களிற் கேட்ட கணக்குகளை எவரும் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிடுகின்றது. அதனைக் கருவியின் மொழிக்கு மாற்றி ஊட்டலாம். ஒன்றை மறவற்க: துணைக்கோள்களின் சொந்த நேரம் 2017 ஜனவரி முதலாக உலகப் பொது நேரத்தினும் 18 நொடி முந்தி நிற்கின்றது. எந்நேரத்தைக் கருவி கேட்கின்றது என்பதைப் படித்தறிந்தே எழுதுக. ஐந்தரை மணியாற் கெட்டவன் கூறும் அறிவுரை இது.

நம் நாட்டுக்குரிய நாவிக் என்னும் துணைக்கோள் அமைப்பும் இவ்வகைப் பஞ்சாங்கங்களையே தன் குரலிற் சுமக்கின்றது. அதன் முதற்கோள் 2013 ஜூலை 1-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2023 மே 29-இல் ஏவப்பட்ட என்விஎஸ்-01 என்னும் கோள், நம் நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரத்தையும், சிறு கருவிகள் எளிதிற் கேட்கத்தக்க எல்-1 அலையையும் தாங்கிச் சென்றது. எங்கள் பழைய கருவி நாவிக்கின் குரலை அறியாது. இனி இவ்வேலையைத் தொடங்கும் நண்பர்கள் அதனையும் கேட்கும் கருவியை வாங்குதல் சாலச் சிறந்தது. கேட்கும் குரல் மிகுந்தால் குறுகிய வானத்திலும் நான்கு கிடைக்கும்.

முடிவுரை

கோர்வைத் தறியில் மறுகரையில் அமர்ந்த காலத்தை இப்போது அடிக்கடி நினைக்கின்றேன். துணையாள் சேலை நெய்வதில்லை. பாட்டனார் கால்மிதிக்கும் நேரமறிந்து, தன் கையிலுள்ள ஒரு நாடாவைத் தவறாமல் எறிவதே அவன் வேலை. நேரந்தவறி எறிந்தால், எறியாதிருந்ததினும் கேடு. இழையைப் பிரித்து மீண்டும் நெய்யவேண்டும். அப்போதெல்லாம் அவர் சினந்ததில்லை. “பாத்து எறி, தெரியலேன்னா கேளு” என்பார். துணைக்கோட் கருவிக்கு முன்னறிவு ஊட்டுவார்க்கு இதனினும் சுருக்கமான பாடம் யான் அறியேன்.

இன்னொன்றும் கூறி அமைகின்றேன். கருவி இப்போது நன்றாகவே வேலை செய்கின்றது. இதன் பின்னர் இருமுறை பாட்டனாரை அதனாற் கண்டோம். எனினும், குளத்துப் படிக்கட்டில் அவரோடு அமர்ந்திருந்த தேநீர்க் கடைக்காரரின் கைப்பேசி எண்ணையும் யாங்கள் எழுதி வைத்திருக்கின்றோம். இடத்தைக் கருவி கூறும். கைபற்றி அழைத்து வருதற்கு மனிதர் வேண்டும்.